நலவாழ்வுத் தொழில் தொடங்க நான்கு வழிகள்: சொந்த இடமா, மணி வாடகையா, ஆன்லைனா, ஃபிரான்சைஸா?

யோகா, பிலாட்டீஸ், ஜிம் பயிற்சி, மசாஜ், தியானம் என்று ஏதாவது ஒன்றை முறையாகக் கற்று, சான்றிதழும் வாங்கி, "இனி இதுதான் என் தொழில்" என்று ஒருவர் முடிவு செய்துவிட்டால், சுற்றியிருப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி "இடம் பார்த்தாச்சா?" என்பதுதான். கேட்பவர்களுக்கு அது சாதாரண விசாரிப்பு. அதற்கு அவசரப்பட்டுப் பதில் தேடியவர்களில் சிலர், போட்ட முன்பணத்தையும் வாங்கிய கருவிகளையும் வந்த விலைக்கு விட்டுவிட்டு வெளியே வந்ததை நான் பார்த்திருக்கிறேன். சொல்லிக்கொடுப்பதில் அவர்களிடம் ஒரு குறையும் இல்லை. வந்தவர்களுக்கு அவர்களைப் பிடித்துத்தான் இருந்தது. ஆட்கள் சேர்வதற்குள் வாடகை அவர்களை முந்திக்கொண்டுவிட்டது, அவ்வளவுதான்.

மாத வாடகைக்கு ஓர் இடம் எடுத்துச் சொந்தமாக நடத்துவது நான்கு வழிகளில் ஒன்று. வேறொருவருடைய கூடத்தில் மணிக்கணக்கில் வாடகை கொடுத்து வகுப்பு எடுக்கலாம், அல்லது ஆட்களின் வீட்டுக்கே போகலாம். ஆன்லைனில் நடத்தலாம். ஏற்கெனவே பெயர் எடுத்த நிறுவனத்தின் ஃபிரான்சைஸ், அதாவது அதன் பெயரில் கிளை நடத்தும் உரிமை, வாங்கலாம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தன் உடலாலும் குரலாலும் கையாலும் வேலை செய்கிறவர் முதல் ஒரு வருடமாவது மணி வாடகையில் இருப்பது நல்லது. சொந்த இடத்தைத் தேடிப் போக வேண்டாம். வகுப்புகள் நிரம்பி, ஆட்களைத் திருப்பி அனுப்ப வேண்டிய நிலை வரும்போது அதை எடுத்துக்கொள்ளலாம். ஆன்லைன் கூடவே ஓடட்டும். ஃபிரான்சைஸ் வேறு மாதிரி ஆளுக்கானது.

காலியாகப் போகும் மணி நேரம்

துணிக்கடையில் இந்த மாதம் விற்காத துணியை அடுத்த மாதம் தள்ளுபடியில் தள்ளிவிடலாம். செவ்வாய்க்கிழமை மாலை 6 மணி வகுப்பில் காலியாகக் கிடந்த பாயைப் புதன்கிழமை விற்க முடியாது. அந்த மணி நேரம் போனது போனதுதான். நம் தொழிலில் சரக்கே நேரம் என்பதால், எந்த வழியில் தொடங்கினாலும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: ஒரு மணி நேரம் காலியாகப் போனால் எனக்கு எவ்வளவு நஷ்டம்?

விற்கக்கூடிய மணி நேரமே குறைவு என்பதையும் நினைவில் வையுங்கள். வேலைக்குப் போகிறவர்கள் போவதற்கு முன் வருவார்கள், இல்லையென்றால் திரும்பிய பின் வருவார்கள். காலை 11 மணியிலிருந்து மாலை 4 மணி வரை பெரும்பாலான கூடங்கள் பூட்டிக் கிடக்கும். வாடகை மட்டும் அந்த நேரத்துக்கும் சேர்த்துத்தான்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். எந்தப் பணமானாலும் பொருந்தட்டும் என்பதற்காக, ஒருவர் ஒரு வகுப்புக்குத் தரும் கட்டணத்தை 1 என்று வைத்துக்கொள்வோம். கூடத்தில் 12 பாய் விரிக்கலாம். காலையில் 2, மாலையில் 2 என நாளுக்கு 4 வகுப்பு, வாரத்துக்கு 6 நாள். வாரம் 24 வகுப்பு, மாதம் சுமார் 100. சொந்தமாக எடுத்த இடத்துக்கு வாடகை, மின்சாரம், சுத்தம், காப்பீடு எல்லாம் சேர்த்து மாதம் 300 ஆகிறது. அதாவது 300 பேர் வந்து தரும் கட்டணம் அப்படியே போய்விடும். மணி வாடகைக்கு எடுத்தால் ஒரு வகுப்புக்கு 4.

தொடக்கத்தில் மாதம் 20 வகுப்பு, சராசரி 6 பேர் என்றால் வரவு 120. மணி வாடகையில் 80 போக 40 கையில் நிற்கும். சொந்த இடத்தில் 300 செலவு. மாதா மாதம் 180 கைக்காசு போட வேண்டும். தொழில் சூடு பிடித்து மாதம் 100 வகுப்பு, சராசரி 8 பேர் என்று ஆகிவிட்டால் வரவு 800. அப்போது மணி வாடகை 400 போக மிச்சம் 400. சொந்த இடத்தில் 300 போக மிச்சம் 500. சொந்த இடம் ஜெயித்துவிடுகிறது.

இரண்டும் சமமாகும் இடம் மாதம் 75 வகுப்பு. வாரத்துக்குச் சுமார் 18. இந்த எண்ணிக்கையில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். வாரத்துக்கு 18 வகுப்பை ஒரே ஆள் எடுக்க முடியுமா? முடியும், சில மாதங்களுக்கு. ஒவ்வொரு வகுப்பிலும் பத்து முறை குனிந்து நிமிர்ந்து செய்து காட்ட வேண்டும், ஒரு மணி நேரம் விடாமல் பேச வேண்டும். முதலில் தொண்டை கட்டும், அப்புறம் மணிக்கட்டோ முட்டியோ பேசத் தொடங்கும். மசாஜ் செய்பவர்களுக்குக் கட்டைவிரல். ஆக, சொந்த இடம் லாபம் தரத் தொடங்கும் எண்ணிக்கையும், ஒருவருடைய உடம்பு "போதும்" என்று சொல்லும் எண்ணிக்கையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதற்கு மேல் போக வேண்டுமானால் இன்னொரு ஆசிரியரை வேலைக்கு வைத்தாக வேண்டும். அவருக்குக் கொடுக்கும் சம்பளம் இந்தக் கணக்கில் இன்னும் ஏறவே இல்லை.

சொந்த நிலையம் என்பதைப் பலர் "இப்போது செய்வதையே பெரிதாகச் செய்வது" என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது வேறொரு தொழில். ஆசிரியர் ஒருவர் காலை 5.30க்கு "காய்ச்சல், வர முடியாது" என்று செய்தி அனுப்பினால் பதிலாளைத் தேடுவது, கழிவறைக் குழாய் ஒழுகினால் ஆள் பிடிப்பது, சம்பளப் பட்டியல், வரி, பக்கத்துக் கடைக்காரரின் சத்தப் புகார் எல்லாம் உங்கள் தலையில்தான் விழும். அதை விரும்பிச் செய்கிறவர்களும் உண்டு. அவர்களுக்கு அது நன்றாகவே பொருந்தும். ஆசனம் சொல்லிக்கொடுப்பதில்தான் சந்தோஷம் என்று தொழிலுக்கு வந்தவர், இரண்டு வருடத்தில் ஆசனமே செய்யாத மேலாளராகிவிடுகிறார். அதை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மணி வாடகை: அருமையும் அவஸ்தையும்

நான் பரிந்துரைக்கும் வழி என்பதாலேயே இதன் கஷ்டத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

6 மணிக்கு உங்கள் வகுப்பு. 5.58 ஆகியும் முந்தைய நடன வகுப்பு முடியவில்லை. கதவுக்கு வெளியே பாட்டுச் சத்தம் அதிர்கிறது. உங்கள் ஆட்கள் ஏழு பேர் பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடைபாதையில் சுவரோடு ஒட்டி நிற்கிறார்கள். அதில் ஒருவர் முதுகுவலிக்காக வந்திருக்கும் பெரியவர், உட்கார இடமில்லை. உள்ளே போனால் தரை முழுக்க ஈரம், வியர்வை வாடை. ஜன்னலைத் திறந்து, துணி தேடித் துடைத்து, பாயை விரிப்பதற்குள் 6.08. முடிக்கும்போதோ 6.57க்கே அடுத்த குழு கதவைத் தட்டுகிறது. கடைசியில் படுத்து ஓய்வெடுக்கும் சவாசனம் பத்து நிமிடம் இருக்க வேண்டியது, நான்கு நிமிடமாகிவிட்டது. வந்தவர் வெளியே போகும்போது அவர் மனதில் நிற்பது அந்தக் கதவுத் தட்டல்தான். மறுபடி வருவாரா என்பதை அதுவும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது.

அதனால் மணி வாடகை பேசும்போது விலையை விட, முன்னும் பின்னும் 15 நிமிட இடைவெளி கிடைக்குமா என்பதைத்தான் முதலில் பேச வேண்டும். அதற்காகக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டாலும் கொடுக்கலாம். அதே நாள், அதே நேரம் குறைந்தது மூன்று மாதத்துக்கு உங்களுக்குத்தான் என்று எழுத்தில் வாங்குங்கள். நேரத்தை இரண்டு முறை மாற்றினால் போதும், சேர்த்த ஆட்களில் பாதிப் பேர் கலைந்துவிடுவார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. வருகிறவர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் யாரிடம் இருக்கும்? சில இடங்களில் பதிவு, பணம் வாங்குவது எல்லாம் இடத்துக்காரரின் செயலியில் நடக்கும். நீங்கள் விலகும்போது அந்த ஆட்களைக் கூப்பிடக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கும். ஒரு வருட உழைப்பில் நீங்கள் சேர்த்த ஒரே சொத்து திரும்பத் திரும்ப வரும் அந்த முப்பது நாற்பது பேர்தான். அந்த வரியைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

சிலர் நிலையான வாடகைக்குப் பதிலாக வசூலில் பங்கு கேட்பார்கள். நம் கணக்கையே எடுத்துக்கொண்டால், 40 சதவீதப் பங்கு என்றால் 6 பேர் வரும் வகுப்புக்கு 2.4 தான் போகும். நிலையான வாடகை 4. பத்துப் பேர் வந்தால் இரண்டும் சமம். ஆரம்பத்தில் பங்கு முறையில் இருந்துவிட்டு, வகுப்பு பத்தைத் தாண்டி நிற்கத் தொடங்கியதும் நிலையான வாடகைக்கு மாறுவது புத்திசாலித்தனம். மாற முடியுமா என்பதையும் முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொடுப்பதும் இதே வகைதான். வாடகையே இல்லை. ஆனால் போக அரை மணி, வர அரை மணி என்றால் விற்பது ஒரு மணி, செலவழிப்பது இரண்டு மணி. கட்டணத்தை அதற்கேற்ப வைக்கக் கூச்சப்படுகிறவர்களுக்கு இது ஒத்துவராது. வெளியே வர முடியாத முதியவர்கள், அண்மையில் குழந்தை பெற்றவர்கள் ஆகியோருக்கு இந்தச் சேவை உண்மையிலேயே தேவை. தனியாக முன்பின் தெரியாத வீட்டுக்குப் போகிறவர் எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்பதை ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

ஆன்லைன்: அறிமுகமானவர்களுக்கு

2020ல் பெருந்தொற்றால் கூடங்களெல்லாம் மூடப்பட்டபோது, பெரிய இடங்களை வைத்திருந்தவர்கள்தான் முதலில் ஆடிப்போனார்கள். அமெரிக்காவில் கோல்ட்ஸ் ஜிம் அந்த வருடம் மே மாதமும், 24 ஹவர் ஃபிட்னஸ் ஜூன் மாதமும் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போயின. இரண்டாவது நிறுவனம் 100க்கும் மேற்பட்ட கிளைகளை நிரந்தரமாக மூடியது. அதே மாதங்களில், கைபேசியை நாற்காலியில் சாய்த்து வைத்து வகுப்பு எடுத்த தனி ஆசிரியர்கள் பலர் தாக்குப் பிடித்தார்கள். அதைப் பார்த்து "இனி எல்லாமே ஆன்லைன்தான்" என்ற நம்பிக்கை பரவியது. வீட்டில் வைத்து மிதிக்கும் உடற்பயிற்சிச் சைக்கிளையும் நேரலை வகுப்பையும் சேர்த்து விற்ற பெலோட்டன் நிறுவனத்தால் 2020ல் ஆர்டர்களுக்கு ஈடு கொடுக்க முடியவில்லை. 2022 பிப்ரவரியில் அதே நிறுவனம் சுமார் 2,800 பேரை வேலையிலிருந்து அனுப்பியது. கூடங்கள் திறந்ததும் ஆட்கள் கூடத்துக்குத் திரும்பிவிட்டார்கள்.

திரும்பியதற்குக் காரணம் உண்டு. அறையில் இருக்கும் ஆசிரியருக்கு ஆட்களின் மூச்சு கேட்கும். ஒருவர் மூச்சை அடக்கிக்கொண்டு வலியைப் பொறுத்துக்கொள்கிறார் என்றால் திரும்பிப் பார்க்காமலேயே தெரிந்துவிடும். ஆன்லைனில் எல்லோருடைய மைக்கும் அணைந்திருக்கும். சின்னச் சின்னக் கட்டங்களில் ஒருவருக்கு இடுப்புக்கு மேல்தான் தெரிகிறது, இன்னொருவருக்கு முட்டிக்குக் கீழே எதுவுமே தெரியவில்லை. முட்டி உள்பக்கம் மடங்குகிறதா என்று பார்க்க வேண்டிய உட்கார்ந்து எழும் பயிற்சியை இப்படிச் சொல்லிக்கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. தியானம், மூச்சுப் பயிற்சி, உணவு ஆலோசனை, உறக்கப் பழக்கம் பற்றிய வழிகாட்டல் ஆகியவை ஆன்லைனில் நன்றாகவே நடக்கும். சொல்லும் கேட்கும் வேலைதான் அவற்றில் அதிகம்.

வாடகை இல்லாததால் ஆன்லைனில் காலி மணி நேரத்தின் நஷ்டம் ஏறக்குறைய பூஜ்யம். ஆனால் அங்கே உங்களுக்குப் போட்டி பக்கத்துத் தெரு ஆசிரியர் இல்லை, இலவசமாகக் கிடைக்கும் லட்சக்கணக்கான வீடியோக்கள். முன்பின் தெரியாத ஒருவர் அவற்றை விட்டுவிட்டு உங்களுக்குப் பணம் கட்ட வேண்டுமானால் ஏதாவது காரணம் வேண்டும். நேரில் உங்களிடம் வந்து, உங்கள் கைபட்டு முதுகுவலி குறைந்தவருக்கு அந்தக் காரணம் இருக்கிறது. ஊர் மாறிப் போனாலும் அவர் திரையில் உங்களோடு தொடர்வார். அதனால்தான் ஆன்லைனை முதல் வாசலாக வைக்காமல் பின்வாசலாக வையுங்கள் என்கிறேன்.

இரண்டு விஷயங்களில் பலர் ஏமாந்துபோகிறார்கள். ஒன்று, வகுப்பில் ஒலிக்கும் பாட்டு. காசு கொடுத்துக் கேட்கும் சொந்த இசைக் கணக்கு பொதுவாகத் தனிப்பட்ட உபயோகத்துக்கு மட்டும்தான். தொழில் நடக்கும் இடத்தில் ஒலிக்க வைக்கத் தனி உரிமம் தேவைப்படும். ஆன்லைனில் பதிவேற்றினால் தளமே ஒலியை நீக்கிவிடக்கூடும். இன்னொன்று, காப்பீடு. வகுப்பில் ஒருவருக்குக் காயம் பட்டால் கைகொடுக்கும் உங்கள் பொறுப்புக் காப்பீடு, ஆன்லைன் வகுப்பையும், வேறு நாட்டில் இருந்து சேர்பவரையும் உள்ளடக்குகிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஃபிரான்சைஸ்: யாருக்குப் பொருந்தும்?

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். பயிற்சி முறை என்பது யாருக்கும் எளிதில் சொந்தமாவதில்லை. "பிலாட்டீஸ்" என்ற பெயரின் மேலிருந்த வணிகக்குறி உரிமையை அமெரிக்க நீதிமன்றம் 2000ல் ரத்து செய்தது; அன்றிலிருந்து அங்கே அந்தப் பெயரை எவரும் பயன்படுத்தலாம். 26 ஆசனங்கள் கொண்ட பிக்ரம் யோகா வரிசைக்குப் பதிப்புரிமை கிடையாது என்று 2015ல் இன்னொரு அமெரிக்க நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, ஃபிரான்சைஸில் நீங்கள் காசு கொடுத்து வாங்குவது பயிற்சி முறையை அல்ல. பெயர்ப்பலகை, விளம்பரம், மென்பொருள், எப்படி நடத்துவது என்ற கையேடு ஆகியவற்றைத்தான். அவை உங்களுக்கு எவ்வளவு பெறும் என்பதை வைத்துத்தான் விலையை எடைபோட வேண்டும்.

ஃபிரான்சைஸ் என்ற ஒரே பெயருக்குள்ளும் செலவின் பாரம் வேறுபடும். 1969ல் ஜூடி ஷெப்பர்ட் மிசெட் தொடங்கிய ஜாஸர்சைஸ் என்ற நடன உடற்பயிற்சி நிறுவனம், ஆசிரியர்களையே ஃபிரான்சைஸ் உரிமையாளர்களாக ஆக்கி வளர்ந்தது. அவர்களில் பலர் வாடகைக் கூடங்களில் வகுப்பு எடுத்தவர்கள். மணி வாடகையும் ஃபிரான்சைஸும் கலந்த முறை அது. காலி மணி நேரம் கையைப் பெரிதாகக் கடிக்காது. இன்னொரு பக்கம், 1992ல் டெக்சாஸில் தொடங்கிய கர்வ்ஸ், பெண்களுக்கான 30 நிமிடச் சுற்றுப் பயிற்சியோடு (ஒரு கருவியிலிருந்து அடுத்ததற்கு மாறி மாறிச் செய்வது) சிறிய கடைகளில் இயங்கி, சுமார் பத்துப் பதினைந்து வருடத்தில் ஆயிரக்கணக்கான கிளைகள் கண்டது. அப்புறம் அதே வேகத்தில் அமெரிக்காவில் கிளைகள் மூடிக்கொண்டே போயின. கிளை எண்ணிக்கை ஏறுவதைப் பார்த்து மட்டும் முடிவு எடுக்கக் கூடாது என்பதற்கு இதை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

எதைப் பார்த்து முடிவு எடுப்பது? அமெரிக்காவில் ஃபிரான்சைஸ் விற்பவர், கையெழுத்தோ பணமோ வாங்குவதற்குக் குறைந்தது 14 நாள் முன்பாக ஒரு வெளிப்படுத்தல் ஆவணத்தைத் தர வேண்டும் என்பது சட்டம். ஆஸ்திரேலியாவிலும் இதே போன்ற 14 நாள் விதி உண்டு. அமெரிக்க ஆவணத்தின் 20ஆம் பகுதியில் கடந்த மூன்று வருடத்தில் எத்தனை கிளை திறந்தது, எத்தனை மூடியது, எத்தனை கைமாறியது என்ற கணக்கும், அண்மையில் விலகியவர்களின் தொடர்பு விவரமும் இருக்கும். இப்போது நடத்துகிறவர்களிடம் பேசினால் பாதி உண்மைதான் கிடைக்கும். தன் கிளையை நாளைக்கு விற்க நினைப்பவர் குறை சொல்ல மாட்டார். விலகியவர்களில் ஐந்து பேரிடமாவது பேசுங்கள். "எத்தனையாவது மாதம் உங்களுக்கென்று சம்பளம் எடுத்தீர்கள்?" என்ற ஒரே கேள்வி போதும். உங்கள் நாட்டில் அப்படி ஒரு சட்டம் இல்லாவிட்டாலும், அந்தக் கணக்கை எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் அதுவே பதில்.

ஃபிரான்சைஸ் கொடுத்த நிறுவனத்துக்கு நீங்கள் தொடர்ந்து கட்டும் ராயல்டி பொதுவாக வசூலின் மீது கணக்கிடப்படும், லாபத்தின் மீது இல்லை. நீங்கள் நஷ்டத்தில் ஓடும் மாதத்திலும் அது போய்க்கொண்டே இருக்கும். கைவசம் முதல் உள்ளவர், ஆட்களை மேய்க்கத் தெரிந்தவர், தானே வகுப்பு எடுக்க வேண்டும் என்ற ஆசை இல்லாதவர் ஆகியோருக்கு ஃபிரான்சைஸ் சரிப்பட்டு வரும். தனக்கென்று ஒரு பாணி உள்ள ஆசிரியருக்கு அந்தக் கையேடு கைவிலங்காகத்தான் இருக்கும்.

"முதல் வேண்டாம், இடம் வேண்டாம், நலப் பொருள்களை விற்று, உங்களுக்குக் கீழே ஆள் சேருங்கள்" என்ற ஐந்தாவது வழி ஒன்றும் எல்லோர் காதிலும் விழும். அதை நான் இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. அப்படிப்பட்ட வலையமைப்பு விற்பனை செய்யும் ஹெர்பலைஃப் நிறுவனம், அமெரிக்க வர்த்தக ஆணையத்தோடு 2016ல் செய்த உடன்பாட்டில் 200 மில்லியன் டாலர் கட்டவும், தன் விற்பனை முறையை மாற்றவும் ஒப்புக்கொண்டது. உங்களை நம்பி உடம்பை ஒப்படைக்கிறவரைச் சங்கிலியில் ஒரு கண்ணியாக்கினால், அந்த நம்பிக்கை திரும்பி வராது.

மாதச் சந்தாவா, பத்து வகுப்பு அட்டையா?

எந்த வழியில் தொடங்கினாலும் இந்த முடிவு வந்தே தீரும். ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, உல்ரிகே மால்மென்டியர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் மூன்று அமெரிக்க ஜிம்களின் 7,752 உறுப்பினர்களின் வருகைப் பதிவை ஆராய்ந்து 2006ல் முடிவுகளை வெளியிட்டார்கள். மாதம் 70 டாலருக்கு மேல் சந்தா கட்டியவர்கள் சராசரியாக மாதம் 4.3 முறைதான் வந்தார்கள். ஒரு வருகைக்கு 17 டாலருக்கு மேல் கொடுத்ததாக ஆகிறது. அதே ஜிம்மில் பத்து முறைக்கான அட்டை வாங்கியிருந்தால் ஒரு வருகைக்கு 10 டாலர்தான். கடைசியாக வந்த நாளுக்கும் சந்தாவை ரத்து செய்த நாளுக்கும் இடையே சராசரியாக இரண்டு மாதத்துக்கு மேல் ஓடியிருந்தது.

இதைப் படித்து "அப்படியானால் சந்தாதான் லாபம்" என்று முடிவு செய்கிறவர்கள் உண்டு. நூற்றுக்கணக்கானவர்களைச் சேர்க்கும் பெரிய ஜிம்மில் வராதவர்களின் பணத்தில் காலம் தள்ளலாம். நாற்பது பேரை நம்பி நடக்கும் சிறிய வகுப்பில் அது தற்கொலை. வராமல் பணம் கட்டியவர் ஒருநாள் வங்கிக் கணக்கைப் பார்த்து நொந்துகொள்வார். பத்துப் பேரிடம் அதைச் சொல்வார். அதோடு, நல வாழ்வு என்று பெயர் வைத்துக்கொண்டு, ஆட்கள் வராமல் இருந்தால்தான் லாபம் என்ற ஏற்பாட்டில் எனக்கு உடன்பாடு இல்லை.

நான் சொல்வது, முதல் வருடம் பத்து வகுப்பு அட்டை, பத்து வாரத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்ற கெடுவோடு. வாரம் ஒருமுறையாவது வரத் தூண்டும், வராதவர் யார் என்று உடனே தெரியும். இரண்டு வாரம் காணவில்லை என்றால் நீங்களே கூப்பிட்டுப் பேசலாம். மூன்று அட்டை தீர்த்தவருக்குச் சந்தாவைக் கொடுங்கள். ரத்து செய்வது சேர்வதைப் போலவே சுலபமாக இருக்கட்டும். ஒரு செய்தி அனுப்பினால் போதும் என்று வையுங்கள்.

எந்த வழியானாலும் தவிர்க்க முடியாதவை

முதல் நாள் வருபவரிடம் ஏழு கேள்விகள் கொண்ட பார்-க்யூ (PAR-Q) என்ற உடல்நலப் படிவத்தை நிரப்பி வாங்குவது பல நாடுகளில் பழக்கத்தில் இருக்கிறது. இதயக் கோளாறு இருப்பதாக மருத்துவர் சொன்னாரா, நெஞ்சுவலி வருமா, தலைசுற்றி விழுந்ததுண்டா, எலும்பு அல்லது மூட்டுப் பிரச்சினை உண்டா என்று போகும். ஒன்றுக்கு "ஆம்" என்றாலும் மருத்துவரைப் பார்த்துவிட்டு வரச் சொல்ல வேண்டும். ஃபிரான்சைஸில் இதைக் கையேடே செய்ய வைக்கும். மற்ற மூன்று வழிகளிலும் உங்கள் ஒழுங்குதான் செய்ய வைக்க வேண்டும். கூட்டம் நெருக்கும் நாளில் "அடுத்த முறை வாங்கிக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுவதுதான் வழக்கம். அந்த ஒருவருக்குத்தான் பெரும்பாலும் ஏதாவது இருக்கும். படிவம் வாங்கிவிட்டால் அதைப் பத்திரப்படுத்துவதும் உங்கள் கடமை. 2018 முதல் அமலில் இருக்கும் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைத் தனிப் பாதுகாப்பு தேவைப்படும் வகையாகவே வைத்திருக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் ஒருவருடைய மூட்டுவலியைப் பற்றி எழுதுவது கூடத் தவறுதான்.

விளம்பரத்தில் "குணமாகும்" என்ற சொல்லைத் தொடாதீர்கள். "முதுகு இலகுவாகும்", "நன்றாகத் தூங்க உதவும்" என்று சொல்வதற்கும் "சர்க்கரை நோய் குணமாகும்" என்பதற்கும் சட்டத்தின் பார்வையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

எப்போது சொந்த இடம்?

சில தொழில்களில் மணி வாடகை ஆரம்பத்திலிருந்தே சரிப்படாது. ரிஃபார்மர் என்ற கட்டில் போன்ற பிலாட்டீஸ் கருவியைத் தூக்கிக்கொண்டு கூடம் கூடமாகப் போக முடியாது. அப்படிப்பட்டவர்கள், கருவியை ஏற்கெனவே வைத்திருக்கும் இடத்தில் ஆசிரியராகச் சேர்ந்து ஆட்களைச் சம்பாதிப்பது முதல் படி. மசாஜுக்குத் தனி அறை வேண்டும். பிசியோதெரபி மையத்துக்குள்ளோ அழகு நிலையத்துக்குள்ளோ ஓர் அறையை வாரத்தில் மூன்று நாளுக்கு மட்டும் எடுக்கலாம்.

மற்றவர்களுக்கு நான் சொல்லும் அடையாளம் ஒன்று இருக்கிறது. வாரத்தில் குறைந்தது எட்டு வகுப்புகள், தொடர்ந்து பன்னிரண்டு வாரம், இடம் இல்லாமல் காத்திருப்போர் பட்டியலோடு ஓட வேண்டும். புது வருடத் தொடக்கத்தின் கூட்டத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஜனவரியில் எல்லோருக்கும் உற்சாகம் இருக்கும். கூடவே, நீங்கள் இல்லாத நாளில் பதிலாக எடுத்த ஆசிரியரின் வகுப்புக்கும் ஆட்கள் வருகிறார்களா என்று பாருங்கள். வராவிட்டால் அவர்கள் உங்களுக்காக மட்டும் வருகிறார்கள். மனதுக்கு அது இதமாக இருக்கலாம். ஆனால் ஒரே ஆளை நம்பி நீண்ட குத்தகையில் கையெழுத்துப் போடுவது ஆழம் தெரியாமல் காலை விடுவதுதான்.

இரண்டு சோதனையிலும் தேறிவிட்டால் இடம் பாருங்கள். ஒப்பந்தத்தில் நான்கு விஷயங்கள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். அந்த இடத்தில் பயிற்சி வகுப்பு நடத்த உள்ளூர் நிர்வாக அனுமதி உண்டா, ஒரு வருடத்துக்குப் பின் முன்னறிவிப்புக் கொடுத்து விலக முடியுமா, வாடகை எப்போது எவ்வளவு ஏறும், மணிக்கணக்கில் மற்றவர்களுக்கு உள்வாடகை விடலாமா. இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. காலை 11 மணியிலிருந்து 4 மணி வரை உங்கள் கூடம் பூட்டிக் கிடக்கும் நேரத்தில், இடம் தேடி அலையும் இன்னொரு புதிய ஆசிரியர் எங்கேயோ இருப்பார். உள்வாடகைக்கு அனுமதி வாங்கிவிட்டால் அவருக்குக் கொடுக்கலாம். முன்னும் பின்னும் 15 நிமிடம் சேர்த்தே கொடுங்கள்.